புனிதத்துக்கு விலை வைக்கும்போது

மேற்குக்கரையிலும் காசாவிலும் குடியேறி வாழ்ந்த இஸ்ரேலியர்கள் ஏறத்தாழ 600 பேர். அகதிகளாக வாழும் பாலஸ்தீனர்கள் 500க்கும் மேல். பாலஸ்தீனக் கல்லூரி மாணவர்கள் 700க்கும் மேல். இந்த மாணவர்களில் பாதிப் பேர் ஹமாஸை அல்லது இஸ்லாமிய ஜிஹாதை ஆதரிப்பவர்கள். ஸ்காட் அட்ரான், ஜெரமி ஜின்ஜஸ், டக்ளஸ் மெடின் என்ற ஆய்வாளர்களும் பாலஸ்தீனக் கருத்துக்கணிப்பு அறிஞர் கலீல் ஷிகாகியும் இவர்கள் முன் கற்பனையான சமாதான ஒப்பந்தங்களை வைத்தார்கள். முடிவுகள் 2007-ல் வெளியாயின. போரும் சமாதானமும் பற்றி நான் படித்தவற்றில் இதைப்போல் என்னை உலுக்கிய ஆய்வு வேறில்லை.

ஒப்பந்தங்கள் மூன்று வகை. முதல் வகையில், தாங்கள் உயிராக மதிக்கும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்: குடியேறிகளுக்கு அது நிலம், அகதிகளுக்கு சொந்த ஊர் திரும்பும் உரிமை, மாணவர்களுக்கு ஜெருசலேம். இரண்டாம் வகையிலும் அதே விட்டுக்கொடுப்புதான். ஆனால் அதற்குக் கைமாறாகப் பெரும் பண உதவி போன்ற ஆதாயம் உண்டு. மூன்றாம் வகையில் பணமே கிடையாது. எதிர்த்தரப்பும் தான் உயிராக மதிக்கும் ஒன்றை விடுகிறது, அல்லது செய்த அநியாயத்தை வாய்திறந்து ஒப்புக்கொள்கிறது.

பொருளாதாரம் படித்தவர் யாரைக் கேட்டாலும் இரண்டாம் வகைக்கு ஆதரவு கூடும் என்பார். தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தால் பேரம் படியத்தானே வேண்டும்? நடந்தது நேர்மாறு. தங்கள் கொள்கையை எந்த விலைக்கும் விடக்கூடாத புனிதமாகக் கருதியவர்களிடம், பணத்தைச் சேர்த்ததும் கோபமும் அருவருப்பும் ஏறின. வன்முறைக்கான ஆதரவும் ஏறியது. காசு பேசாமல் கேட்டபோது மறுத்தவர்கள், காசோடு கேட்டபோது கொதித்தார்கள். ஒரு டாலர்கூட இல்லாத மூன்றாம் வகை ஒப்பந்தத்தில் அதே மனிதர்களின் எதிர்ப்பு தணிந்தது. குடியேறிகளிடமும் இதே கோலம், அகதிகளிடமும் இதே கோலம்.

கேள்வித்தாளில் மட்டும்தான் இப்படியா என்று அறிய அட்ரான் தலைவர்களையும் போய்ச் சந்தித்தார். ஹமாஸின் மூத்த தலைவர் மூசா அபு மர்சூக் பணத்தைச் சொன்னதும் நாங்கள் விற்பனைக்கில்லை என்று வெகுண்டார். இஸ்ரேல் மன்னிப்புக் கேட்டால் என்று பேச்சு மாறியதும், அது போதாது என்றாலும் தொடக்கமாக முக்கியம் என்றார். பென்யமின் நெதன்யாகுவோ, எதிர்த்தரப்பு பாடப்புத்தகங்களில் யூதரைப் பற்றி எழுதியிருப்பதை மாற்றி மனப்பூர்வமாக நடந்து காட்ட வேண்டும் என்றார். இருவருமே ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்கவில்லை. ஆனால் இருவரும் கேட்டது ஒரே வகைப் பொருள். அது கரன்சியில் கிடைப்பதில்லை.

மதத்தின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்களோடு பேசிப் பயனில்லை என்பது இன்று ஏறக்குறைய பொது அறிவாகிவிட்டது. அதற்கு ஆதாரமும் இல்லாமல் இல்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் உலகின் ஆயுத மோதல்களை ஆண்டுவாரியாகப் பதிந்து வருகிறது. அங்குள்ள இசாக் ஸ்வென்சன் 1989 முதல் 2003 வரையான மோதல்களை எடுத்து, எவை பேச்சுவார்த்தையில் முடிந்தன என்று பார்த்தார். சண்டையிடும் இரு தரப்பும் வெவ்வேறு மதம் என்பதால் மட்டும் சமாதான வாய்ப்பு குறையவில்லை. ஒரு தரப்பின் கோரிக்கையே மதத்தில் வேரூன்றியிருந்தால்தான் குறைந்தது. ஷரியா ஆட்சி வேண்டும், இந்த மண் இறைவன் தந்தது என்பது போன்ற கோரிக்கைகள் இவை. அடுத்த வீட்டுக்காரர் வேறு சாமி கும்பிடுவது போரை நீட்டிப்பதில்லை. இந்த வேறுபாட்டை எத்தனை தொலைக்காட்சி விவாதங்கள் தினமும் குழப்பியடிக்கின்றன என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-ல் இன்னொரு கணக்கை வெளியிட்டது. 1968-லிருந்து 2006 வரை இயங்கிய 648 தீவிரவாதக் குழுக்கள் எப்படி முடிந்தன? முடிந்துபோனவற்றில் 43 விழுக்காடு அரசியலுக்குள் வந்ததால் முடிந்தன. 40 விழுக்காட்டைக் காவல்துறையும் உளவுத்துறையும் முடித்தன. ராணுவ பலத்தால் முடிந்தவை 7 விழுக்காடுதான். மதக் குழுக்களுக்கு ஆயுள் கெட்டி: எல்லாக் குழுக்களையும் சேர்த்துப் பார்த்தால் 62 விழுக்காடு அந்தக் காலத்துக்குள் முடிந்திருக்க, மதக் குழுக்களில் 32 விழுக்காடே முடிந்திருந்தன. கடினம் என்பது உண்மைதான். மூன்றில் ஒன்று முடிந்திருக்கிறது என்பதும் அதே அளவு உண்மை.

புனிதம் என்று ஒன்று மனதுக்குள் எப்படி இறுகுகிறது? 2018-ல் கிளாரா ப்ரெடஸ் குழுவினர் ஸ்பெயினில் செய்த சோதனையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மொராக்கோ வழிவந்த 38 இளைஞர்கள். கணினித் திரையில் பந்தை மாற்றி மாற்றி எறியும் விளையாட்டு. கூட விளையாடுபவர்களுக்கு ஸ்பானியப் பெயர்கள். உண்மையில் அவர்கள் கணினி நிரல்கள். பாதிப் பேருக்குப் பந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. மீதிப் பேருக்குத் தொடக்கத்தில் சில முறை வந்தது, பிறகு வரவேயில்லை. திரையில் மற்றவர்கள் தங்களுக்குள் எறிந்துகொண்டே இருக்க, இவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நடந்தது இவ்வளவே. அடிதடி இல்லை, வசைச்சொல் இல்லை.

பிறகு மூளையை ஸ்கேன் செய்துகொண்டே, எந்தெந்தக் கொள்கைக்காகச் சண்டையிடத் தயார் என்று கேட்டார்கள். புனிதமான கொள்கைகளைப் பற்றி நினைக்கும்போது மூளையின் இடது முன்புறத்தில் ஒரு பகுதி செயல்படும். லாப நட்டக் கணக்கு அங்கே ஓடுவதில்லை; இது செய்யலாம், இது செய்யக்கூடாது என்ற விதிகளைக் கையாளும் பகுதி அது. விளையாட்டில் ஒதுக்கப்பட்டவர்களிடம், அதுவரை சாதாரணமாக இருந்த கொள்கைகளைப் பற்றிக் கேட்டபோதும் அதே பகுதி விழித்துக்கொண்டது. அவற்றுக்காகவும் சண்டையிடும் விருப்பம் கூடியது. நேற்றுவரை பேரம் பேசக்கூடியதாக இருந்த ஒன்று, ஒதுக்கப்பட்ட சில நிமிடங்களில் பேச முடியாததை நோக்கி நகர்கிறது.

அடுத்த ஆண்டு நஃபீஸ் ஹமீது குழுவினர் பார்சிலோனாவில் வாழும் பாகிஸ்தானியர் 30 பேரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்தார்கள். எல்லோரும் லஷ்கர் இ தொய்பாவின் ஆதரவாளர்கள். புனிதக் கொள்கைகளைப் பற்றிப் பதில் சொல்லும்போது, ஆற அமர யோசித்துச் சீர்தூக்கும் மூளைப்பகுதி அடங்கியிருந்தது. அடுத்து, உங்கள் சமூகத்தைச் சேர்ந்த மற்றவர்கள் இந்த அளவுக்குப் போகத் தயாராக இல்லை என்று காட்டினார்கள். இவர்களின் தீவிரமும் இறங்கியது. அடங்கியிருந்த பகுதி மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது. வெளியாள் வாதம் செய்து வென்றதல்ல இது. தன் ஆட்கள் என்று அவர் நம்புபவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற செய்தி செய்த வேலை.

முப்பது பேர், முப்பத்தெட்டுப் பேர் என்பவை சின்ன எண்ணிக்கைகள். இவற்றை மட்டும் நம்பி ஒரு நாட்டின் சமாதானத் திட்டத்தை எழுத முடியாது. ஆனால் ஆய்வுக்கூடம் சொல்வது களத்தில் அப்படியே கண்ணில் படுகிற ஓர் இடம் இருக்கிறது: பிலிப்பைன்ஸ் நாட்டின் தெற்குத் தீவான மிந்தனாவோ.

அங்கே முஸ்லிம் சுல்தான்களின் ஆட்சி, ஸ்பானியர் வருவதற்கு முன்பே வேர்விட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் முதலில் அமெரிக்க ஆட்சியும் பிறகு மணிலா அரசும் வடக்கிலிருந்து கிறிஸ்தவக் குடியானவர்களை அலையலையாக அங்கே குடியேற்றின. சொந்த மண்ணிலேயே மோரோ முஸ்லிம்கள் சிறுபான்மை ஆனார்கள். 1968 மார்ச்சில் கொரெகிடோர் தீவில் ரகசியப் பயிற்சியில் இருந்த மோரோ இளைஞர்களை ராணுவத்தினரே சுட்டுக் கொன்ற செய்தி வெளிவந்தது. 1972-ல் அதிபர் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். பந்து வராமல் நின்றது இங்கே தலைமுறைக் கணக்கில்.

முதலில் ஆயுதம் ஏந்திய மோரோ தேசிய விடுதலை முன்னணி பெரும்பாலும் தேசியம் பேசியது. அதிலிருந்து பிரிந்தவர் கெய்ரோவின் அல் அஸ்ஹரில் படித்த மார்க்க அறிஞர் ஹாஷிம் சலாமத். அவர் அமைத்த இயக்கம் 1984-ல் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணி என்று பெயர் சூட்டிக்கொண்டது. மார்க்கமும் மண்ணும் ஒன்றாய்ப் பிணைந்த, தனிநாடு என்ற கோரிக்கை. ஸ்வென்சனின் பட்டியலில் தீர்வது கடினம் என்ற பக்கத்தில் விழும் மோதல். கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்து அதே இயக்கம் தனிநாட்டை விட்டு, பிலிப்பைன்ஸுக்குள் தன்னாட்சி என்பதில் கையெழுத்திட்டது. எப்படி?

எது பலிக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடலாம். 1996-ல் அரசு பழைய இயக்கத்தோடு ஓர் உடன்பாடு செய்தது. அதன் தலைவர் நூர் மிசுவாரி தன்னாட்சிப் பகுதியின் ஆளுநர் ஆனார். பதவி வந்தது, நிதி வந்தது, போராளிகளில் சிலருக்கு ராணுவத்திலேயே வேலை கிடைத்தது. அடிப்படைக் குறை அப்படியே இருந்தது. சலாமத்தின் இயக்கம் அதை விலைபோன கதையாகவே பார்த்தது, பெருகவும் செய்தது. 2000-ல் அதிபர் எஸ்த்ராதா முழுப் போர் அறிவித்து, இயக்கத்தின் தலைமை முகாமான அபூபக்கரைப் பிடித்தார். போராளிகள் காட்டுக்குள் கலைந்தார்கள், சண்டை தொடர்ந்தது.

பலித்த காரியங்கள் பார்வைக்குச் சின்னவை. 2001-லிருந்து முஸ்லிம் பெரும்பான்மை நாடான மலேசியா நடுவில் நின்றது; கோலாலம்பூரில் பேச்சு நடந்தது. 2003-ல் போர்நிறுத்தம் வந்தது. அதைக் காக்க அரசும் இயக்கமும் சேர்ந்த கூட்டுக் குழு ஒன்று. மேலே மலேசியா தலைமையில் பன்னாட்டுக் கண்காணிப்புக் குழு. ஓர் ஊரில் துப்பாக்கி வெடித்தால் அந்த இரவே இரு தரப்பு அதிகாரிகளும் தொலைபேசியில் பேசிக்கொள்ள வழி இருந்தது. அதே ஆண்டில் சலாமத் மறைந்தார். அடுத்து வந்த முராத் இப்ராஹிம் படைத்தளபதியாக இருந்தவர்.

2008-ல் மோரோ மக்களின் பூர்வீக நிலம் பற்றிய ஆவணம் தயாராகி, ஆகஸ்ட் 5-ம் தேதி கோலாலம்பூரில் கையெழுத்தாக இருந்தது. முந்தைய நாள் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அக்டோபரில் அது அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பும் சொன்னது. இயக்கத்தின் இரண்டு மூன்று தளபதிகள் ஊர்களைத் தாக்கினார்கள். லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அந்தத் தளபதிகளில் ஒருவரான உம்ப்ரா காட்டோ பின்னர் தனி இயக்கமே கண்டார். எட்டிவிட்ட சமாதானம் கைநழுவும் ஒவ்வொரு முறையும், பேசிப் பயனில்லை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்குப் புதிதாக ஆள் சேர்கிறது. இந்தப் போரில் மாண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

2011 ஆகஸ்ட் 4-ம் தேதி அதிபர் பெனிக்னோ அக்கினோ ஜப்பானுக்குப் பறந்து, நரீட்டா விமான நிலையத்துக்கு அருகில் ஒரு ஹோட்டலில் முராத்தை நேருக்கு நேர் சந்தித்தார். எந்த நிதியும் அங்கே அறிவிக்கப்படவில்லை. ஒரு குடியரசின் தலைவர் தன் நாட்டை விட்டு வெளியேறி, தன் அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்தியவரை சமமாக உட்காரவைத்துப் பேசினார். அட்ரானின் மூன்றாம் வகை ஒப்பந்தம் தாளிலிருந்து எழுந்து நடந்தது போல் எனக்குப் படுகிறது. அடுத்த ஆண்டு கையெழுத்தான கட்டமைப்பு உடன்பாடு, பங்ஸமோரோ என்ற மக்களின் தனி அடையாளத்தை ஏற்றது. 2014 மார்ச் 27 அன்று மணிலாவில் முழு உடன்படிக்கை கையெழுத்தானது. அரசுத் தரப்பில் கையெழுத்திட்ட மிரியம் கொரோனெல் ஃபெரர், ஒரு கிளர்ச்சி இயக்கத்தோடு இறுதி உடன்பாட்டில் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்திட்ட உலகின் முதல் பெண்.

மார்க்கச் சட்டம் என்ன ஆயிற்று? பேசித் தீர்க்கவே முடியாது என்று நினைக்கப்பட்ட அதுவும் தீர்ந்தது. ஷரியா நீதிமன்றங்கள் உண்டு, முஸ்லிம்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு நாட்டின் பொதுச் சட்டம். யாருடைய நம்பிக்கையையும் யாரும் விலைக்குக் கேட்கவில்லை, எல்லைதான் வகுக்கப்பட்டது.

ஆயுதம் களைந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். 2015 ஜூன் 16 அன்று மகிந்தனாவோவில் முதல் நிகழ்வு: 145 போராளிகள், 75 ஆயுதங்கள். எந்தப் பிலிப்பைன்ஸ் சிப்பாயும் எந்தப் போராளியின் கையிலிருந்தும் துப்பாக்கியை வாங்கவில்லை. துருக்கி தலைமையில் அமைந்த சுயேச்சைக் குழு ஒவ்வோர் ஆயுதத்தையும் சரிபார்த்துப் பதிந்து, பூட்டி வைத்தது. எதிரியிடம் ஒப்படைக்கும் கோலம் எங்கும் வராதபடி அந்த நாள் முழுதும் திட்டமிடப்பட்டிருந்தது.

அந்த நிகழ்வுக்கு ஐந்து மாதம் முன்பு, மமசபானோ என்ற ஊரில், தேடப்பட்ட ஒரு மலேசியரைப் பிடிக்கச் சிறப்புக் காவல்படை இயக்கத்துக்குச் சொல்லாமல் இரவோடிரவாக நுழைந்தது. விடிந்ததும் மோதல், காவலர்கள் 44 பேர் இறந்தார்கள். இயக்கத்தினரும் ஊர்மக்களும் மாண்டார்கள். நாடே கொதித்தது, நாடாளுமன்றத்தில் தன்னாட்சி மசோதா முடங்கியது. ஆனாலும் போர் திரும்பவில்லை. சண்டை நடந்துகொண்டிருந்தபோதே போர்நிறுத்தக் குழுவினரும் கண்காணிப்பாளர்களும் அந்த இடத்துக்குப் போய் அதை நிறுத்தப் பாடுபட்டார்கள். இயக்கம் தானே விசாரணை நடத்தியது. கைக்கு வந்த காவல்துறைத் துப்பாக்கிகளில் சிலவற்றைத் திருப்பியும் கொடுத்தது. பத்தாண்டாகக் கட்டிய சின்னச் சின்ன ஏற்பாடுகள் அன்று தாங்கின.

தாமதத்துக்கு விலை வேறு இடத்தில் கொடுக்க நேர்ந்தது. 2017 மே 23 அன்று மௌத்தே என்ற தீவிரவாதக் குழுவும் அபு சய்யாஃப் இயக்கத்தின் ஒரு பிரிவும் ஐஎஸ் கொடியோடு மராவி நகரைப் பிடித்தன. ஐந்து மாதச் சண்டையில் ஆயிரத்துக்கும் மேல் மாண்டார்கள், நகரின் மையம் இடிபாடானது. சிக்கிய மக்களை வெளியேற்ற அரசும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியும் சேர்ந்து பாதுகாப்பு வழி திறந்தன. முன்பு அரசை எதிர்த்தவர்களே, மார்க்கத்தின் பெயரால் நடந்த அந்த வெறியை மார்க்கத்தின் பெயராலேயே மறுத்தார்கள். பார்சிலோனா ஸ்கேனர் காட்டியதை நினைத்துப் பாருங்கள்: தம் ஆட்கள் சொல்லும் 'வேண்டாம்' தான் உள்ளே போகிறது.

எகிப்தும் அதையே காட்டியது. கமா இஸ்லாமியா என்ற இயக்கத்தின் சிறையிலிருந்த தலைவர்கள் 1997 ஜூலையில் ஒருதலையாகப் போர்நிறுத்தம் அறிவித்தார்கள். நவம்பரில் அந்த இயக்கத்தின் பெயரால் லக்ஸரில் சுற்றுலாப் பயணிகள் உட்பட 62 பேர் கொல்லப்பட்டார்கள். தலைவர்கள் பின்வாங்கவில்லை. 2002-ல் வரிசையாக நூல்கள் எழுதி, தாங்கள் ஜிஹாத் என்று நம்பிச் செய்தது மார்க்கப்படி எங்கெங்கே தவறு என்று தங்கள் தொண்டர்களுக்கே விளக்கினார்கள். சிறையில் எழுதியது, கடும் அடக்குமுறைக்கு நடுவே எழுதியது என்ற ஐயம் நியாயமானது. ஆனால் அரசாங்க உலமாக்கள் பல ஆண்டுகள் சொல்லிக் கேட்காதவர்கள், கூடச் சிறையிருந்தவர்கள் சொன்னபோது கேட்டார்கள்.

மார்க்கத்துக்குள்ளேயே அதற்கான கருவூலமும் இருக்கிறது. கி.பி. 628-ல் ஹுதைபியாவில் நபிகள் நாயகமும் மக்காவின் குறைஷிகளும் உடன்படிக்கை எழுதினார்கள். அல்லாஹ்வின் தூதர் என்று எழுதியதைக் குறைஷிகளின் பேச்சாளர் சுஹைல் ஏற்கவில்லை. அதை ஒப்புக்கொண்டிருந்தால் உங்களோடு நாங்கள் ஏன் போரிட்டிருப்போம் என்றார். தோழர்கள் பதறினார்கள், உமர் கலங்கினார். நபிகள் அந்தச் சொல்லை அழிக்கச் செய்து, அப்துல்லாஹ்வின் மகன் என்று எழுதவைத்தார். தன் தூதுத்துவத்தில் அவர் துளியும் குறைக்கவில்லை. தாளில் எழுதியதை மட்டும் விட்டார். அந்த நிகழ்வைக் குர்ஆன் தெளிவான வெற்றி என்றே அழைக்கிறது என்பது மார்க்க அறிஞர்களின் பொதுவான விளக்கம். இப்படியொரு முன்மாதிரி கைவசம் உள்ளவர்களிடம், உங்கள் மதம் பேசவிடாது என்று வெளியாட்கள் சொல்வது எவ்வளவு அறியாமை!

மிந்தனாவோவில் 2019-ல் வாக்கெடுப்பு நடந்து தன்னாட்சிப் பகுதி பிறந்தது. முராத் இடைக்கால முதலமைச்சர் ஆனார். 40,000 போராளிகளில் சுமார் 26,000 பேர் ஆயுதம் களைந்துவிட்டார்கள். மீதி 14,000 பேரின் முறை வந்தபோது, 2025 ஜூலையில், இயக்கம் அதை நிறுத்தி வைத்தது. களைந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் பெசோ ரொக்கம் கிடைத்தது. அதற்கு மேல் வாக்களித்த வீடு, தொழில், படிப்பு உதவிகள் முழுதாக வரவில்லை என்பது குற்றச்சாட்டு. அதற்குச் சில மாதம் முன்பு மணிலா முராத்தை மாற்றி, அதே இயக்கத்தின் இன்னொரு தளபதியை முதலமைச்சராக நியமித்திருந்தது. முதலில் 2022-ல் நடக்க வேண்டிய பகுதித் தேர்தல் மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது.

பணத்தால் தீராது என்று சொல்லிவிட்டு இப்போது பணப் பாக்கியைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று தோன்றலாம். கொள்கையை விடச் சொல்லி நீட்டும் பணம் வேறு, உடன்பாட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பணம் வேறு. முன்னது வந்தால் அவமானம், பின்னது வராவிட்டால் அவமானம். ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு அந்தப் பாக்கி பெசோவில் எண்ணுகிற தொகையாகத் தெரிவதில்லை. நரீட்டாவில் தன் தலைவரைச் சமமாக உட்காரவைத்த நாடு இப்போது தன்னை எப்படிப் பார்க்கிறது என்பதாகவே தெரிகிறது. இன்னும் களையாத 14,000 பேர், முதலில் களைந்த அந்த 26,000 பேரின் வீட்டு வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மணிலா முதலில் செய்ய வேண்டிய வேலை அங்கேதான் இருக்கிறது.